கண் பார்த்ததைக் கை செய்த வரலாறு

(திங்கட் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு நாடு வலிமை பெறுவது எவ்வாறு என்னும் வினாவிற்குப் பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. வேண்டியதைப் பிறரிடம் விலைக்கு வாங்குவது ஒன்று. அனைத்தையும் தானே புதிதாகக் கண்டுபிடிப்பது மற்றொன்று. முன்னது எளிது, ஆயினும், விற்பவன் கதவைச் சாத்தும் நாளில் வாங்கியவன் வெறுங்கையனாய் நிற்பான். பின்னது பெருமைக்குரியது, ஆயினும், அதற்கு வேண்டும் காலத்தைப் பகைவன் தருவதில்லை.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றுண்டு. பிறன் செய்த பொருளைக் கைக்கொண்டு, அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, அஃது ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிந்து, தன் பட்டறையில் தன் கையால் மீண்டும் செய்வதே அவ்வழி. இதனைப் பின்னோக்குப் பொறியியல் என்பர். கருத்திலிருந்து பொருளுக்குச் செல்வது பொறியியல். பொருளிலிருந்து கருத்துக்குத் திரும்புவது பின்னோக்குப் பொறியியல்.

இதனைக் களவு என்று இகழ்வார் உளர். ஈயடிச்சான் படி என்று நகைப்பாரும் உளர். 'கண் பார்த்தால் கை செய்யும்' என்று பாராட்டுவாரும் உளர். இம்மூன்றில் எது உண்மை என்பதை வரலாற்றைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

கரை தட்டிய கப்பல்

கி.மு. 264இல் உரோமுக்கும் கார்த்தேசுக்கும் முதற் போர் மூண்டது. உரோமர் நிலப்போரில் வல்லவர்; கடற்போரில் பழக்கமற்றவர். கார்த்தேசியரோ வழிவழிக் கடலோடிகள். அவர்தம் பெரும் போர்க்கப்பல் ஒன்று தரைதட்டி உரோமர் கையில் அகப்பட்டது. அதனையே அளவுகோலாகக் கொண்டு உரோமர் 100 பெருங்கப்பல்களையும், சிறியன 20-ஐயும் கட்டினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு எழுதுகிறார். கப்பல்கள் கட்டப்படுங்கால், துடுப்பு வலிப்போரைத் தரையிலேயே பலகைகளில் வரிசையாக அமர்த்தி, ஒரு குரலுக்கு ஒருசேர வலிக்கப் பழக்கினராம்.

ஆனால் அவர்கள் படியெடுத்ததோடு நின்றிலர். கடலில் தங்கள் கப்பல் விரைவு குறைந்தது என்பதை உணர்ந்து, பகைவர் கப்பல்மேல் வீழ்ந்து கொளுவிக் கொள்ளும் ஏறுபாலம் ஒன்றைத் தாமே அமைத்தனர். அதன்வழி ஏறிச் சென்று கப்பலின் மேல்தளத்தையே நிலக்களமாக்கினர். கி.மு. 260இல் மைலே என்னுமிடத்தில் கடலோடிகளைக் கடலிலேயே வென்றனர். கப்பல் பகைவனுடையது, பாலம் உரோமருடையது. இரண்டும் சேர்ந்தபோதே வெற்றி வந்தது.

ஒரு திருகின் அருமை

1543இல் சப்பானின் தென்கோடியிலுள்ள தானேகாசிமாத் தீவிற்குச் சீனக் கப்பல் ஒன்று வந்தொதுங்கியது. அதில் இருந்த போர்ச்சுகீசியர் கையில் திரியால் வெடிக்கும் துமுக்கிகள் (துப்பாக்கிகள்) இருந்தன. அத்தீவின் இளந்தலைவர் தோக்கிதாக்கா இரண்டை விலை கொடுத்து வாங்கி, ஒன்றைத் தம் வாட்கொல்லரிடம் ஒப்படைத்து, 'இதுபோற் செய்க' என்றார்.

சப்பானியக் கொல்லர் உலகின் சிறந்த வாள்களை அடித்தவர். இரும்பைக் குழலாக்குவது அவருக்கு அரிதன்று. அரிதாயிருந்தது, குழலின் அடிப்புறத்தை அடைக்கும் ஒரு சிறு திருகே. மருந்து வெடிக்கும்போது பின்னே பீறிடாமலும், கறை படிந்தால் கழற்றித் துடைக்குமாறும் அஃது இருத்தல் வேண்டும். திருகு என்னும் அமைப்பே அந்நாட்டில் அதுவரை பழக்கத்தில் இல்லை என்பர். கண் பார்த்தது, கை செய்யவில்லை. மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த அயல்நாட்டுக் கொல்லர் ஒருவரிடம் அதனைக் கற்ற பின்னரே குழல் முழுமை பெற்றது என்று அத்தீவின் பழைய பதிவு கூறுகிறது.

அதன்பின் நாடெங்கும் பட்டறைகள் எழுந்தன. 1575இல் நாகாசினோப் போர்க்களத்தில் ஓதா நொபுனாகாவின் துமுக்கிப் படை, புகழ்பெற்ற தாக்கேதாக் குதிரைப்படையை வீழ்த்தியது. இரண்டு துமுக்கிகள் வந்திறங்கி 32 ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? பொருளின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகும். ஆனால் அதன் உயிர்நிலை ஒரு சிறு திருகிலே ஒளிந்திருக்கும். அதனை அறியாதார்க்கு எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் வெற்றிரும்பே.

புள்ளலூரும் ஊல்விச்சும்

இனி, இம்மண்ணுக்கு அணுக்கமான வரலாறு ஒன்று. 1780 செபுதம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் வளைத்து அழித்தனர். அன்று மைசூர்ப் படையினர் எய்த ஏவுகணைகள் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைத் தீப்பற்றச் செய்தன என்று எழுதுவாரும் உளர். இந்திய மண்ணில் ஆங்கிலப் படை அதுவரை கண்ட தோல்விகளுள் மிகப் பெரியது அது.

அவ்வேவுகணையின் சிறப்பு யாது? ஐரோப்பாவில் அக்காலத்து ஏவுகணைகள் தாளாலும் அட்டையாலும் ஆகிய கூடு உடையன. உள்ளே மருந்தை மிக அழுத்திச் செறித்தால் கூடு வெடித்துவிடும். மைசூர்க் கொல்லரோ மெல்லிரும்புக் குழலைக் கூடாக அமைத்து, அதனை நீண்ட மூங்கிற் கழியோடு தோல்வாரால் பிணித்தனர். இரும்புக் கூடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். அழுத்தம் மிகின் உந்தும் ஆற்றல் மிகும். ஆற்றல் மிகின் செல்லும் தொலைவு மிகும். ஏவுகணையின் உயிர்நிலை மருந்தன்று, அதனை அடக்கிய இரும்பே.

1799 மே திங்களில் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு களத்திலேயே மாண்டார். கோட்டையில் அகப்பட்ட ஏவுகணைகள் கப்பலேறி இங்கிலாந்தின் ஊல்விச்சுப் படைக்கலக் கொட்டிலுக்குச் சென்றன. வில்லியம் காங்கிரீவு என்பார் அங்கு ஆய்வைத் தொடங்கினார். அவர் செய்தது வெறும் படியெடுப்பன்று. மருந்தின் கலவையை எடையிட்டு வரையறுத்தார். கூட்டினுள் அதனைப் பொறிகொண்டு ஒரே செறிவாக இறுக்கினார். எடைக்கேற்ப வகைகளைப் பிரித்தார். ஒவ்வொரு வகைக்கும் உரிய தொலைவை அளந்து எழுதினார். 1806இல் பிரெஞ்சுத் துறைநகரான பூலோன் மீதும், 1807இல் கோபன்னாகன் நகர் மீதும் அவ்வேவுகணைகள் பாய்ந்தன.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுக. புள்ளலூரை நினைந்து பெருமிதம் கொள்வது எளிது. 'உலகுக்கே ஏவுகணை தந்தோம்' என்று மேடையில் முழங்குவதும் எளிது. ஆனால் 1799க்குப் பின் மைசூர்ப் பட்டறைகளில் அக்கலை தொடரவில்லை. ஊல்விச்சிலோ அஃது ஓர் அறிவுத் துறையாக வளர்ந்தது. செய்தவன் கையில் இருந்தவரை அது கைப்பழக்கம்; அளந்து எழுதியவன் கைக்குச் சென்றதும் அஃது அறிவியல். கைப்பழக்கம் கொல்லனோடு மடியும். எழுதப்பெற்ற அளவு மடிவதில்லை. முன்னோர் செய்தார் என்பது பெருமை. பின்னோர் அதனை ஏன் தொடர்ந்திலர் என்பது வினா. பெருமையைப் பேசுவோர் வினாவையும் பேசுதல் வேண்டும்.

மூன்று வானூர்திகள்

பின்னோக்குப் பொறியியலின் வரலாற்றில் மலைபோல் நிற்கும் செயல் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் படைத்த பி-29 என்னும் குண்டுவீச்சு வானூர்தி, அந்நாளில் உலகில் ஒப்பற்றது. காற்றழுத்தம் காக்கப்பெற்ற அறைகள், தொலைவிலிருந்தே இயக்கப்படும் பொறித்துமுக்கிகள், நான்கு பேருந்துபொறிகள் என அனைத்தும் புதியன. சோவியத்து நாடு அதனைத் தருமாறு அமெரிக்காவைக் கேட்டது. அமெரிக்கா மறுத்துவிட்டது.

மறுத்த பொருள் தானே வந்து இறங்கியது. 1944 சூலை 29 அன்று மஞ்சூரியாவில் சப்பானியரைத் தாக்கச் சென்ற ஒரு பி-29, பழுதுற்று விளாதிவொசுத்தோக்கில் இறங்கியது. அவ்வாண்டு நவம்பரில் மேலும் இரண்டு இறங்கின. சோவியத்து நாடு அப்போது சப்பானோடு போரில் ஈடுபடாமல் நடுநிலையில் இருந்தது. ஆகலின் வானோடிகளைத் தடுத்து வைத்துப் பின்னர் ஈரான் வழியே கமுக்கமாக வெளியேற விட்டது. வானூர்திகளைத் திருப்பித் தரவில்லை.

1945 சூன் திங்களில் சுடாலினின் ஆணை பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் அவ்வூர்தியைச் சோவியத்துத் தொழிலகங்களில் செய்து முடித்தல் வேண்டும். மாற்றம் எதுவும் கூடாது. பொறுப்பு அந்திரேய் துப்போலெவுக்கு வந்தது. அவர் 1937இல் பொய்க்குற்றம் சாட்டித் தளையிடப்பட்டு, சிறைக்குள்ளேயே வானூர்தி வரைந்து, 1941இல் விடுதலை பெற்றவர். ஆணையை மீறினால் விளைவு யாதாகும் என்பது அவருக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

மூன்று ஊர்திகளும் மாசுகோவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஒன்றை முழுமையாகப் பிரித்தனர். ஒன்றைப் பறக்கவிட்டுப் பழகினர். மற்றொன்றை ஒப்புநோக்குதற்கென அப்படியே வைத்தனர். பிரிக்கப்பட்ட ஊர்தியின் ஒவ்வோர் உறுப்பையும் எடையிட்டு, அளந்து, ஒளிப்படம் எடுத்து, வரைந்தனர். உறுப்புகள் ஏறத்தாழ 1,05,000. வரைவுத் தாள்கள் ஏறத்தாழ 40,000. அத்தாள்கள் அனைத்தும் உருசிய மொழியில், உருசியத் தொழிலாளர் படித்துச் செய்யுமாறு எழுதப்பட்டன. ஏறத்தாழ 900 தொழிலகங்களும் ஆய்வகங்களும் இப்பணியில் பங்கு கொண்டன.

தகட்டின் கனம்

எங்கே இடர் வந்தது தெரியுமா? தகட்டின் கனத்தில் வந்தது. அமெரிக்கர் அளப்பது அங்குலத்தால். பி-29இன் மேற்றோல் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆயது. அதன் கனம் பல இடங்களில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. மீட்டர் அளவைக்கு மாற்றினால் 1.5875 மில்லிமீட்டர். அத்தகைய தகட்டைச் சோவியத்து உருட்டாலை எதுவும் செய்ததில்லை. கனத்தை ஒருபடி கூட்டினால் ஊர்தி முழுவதும் எடை மிகும், தொலைவு குறையும். குறைத்தால் வலு குறையும். எனவே ஒவ்வோர் இடத்திலும் தாங்கும் சுமையைத் தனித்தனியே கணக்கிட்டு, ஓரிடத்தில் சற்றுக் கனமாகவும் ஓரிடத்தில் சற்று மெல்லிதாகவும் தகடு அமைத்தனர். முடிவில் ஊர்தியின் வெற்றெடை அமெரிக்க ஊர்தியினும் ஏறத்தாழ ஒரு விழுக்காடே மிகுந்தது.

இங்கே கவனித்தற்குரியது ஒன்றுண்டு. படியெடுத்தல் எண்ணத்தை நிறுத்திவிடும் என்பர் பலர். உண்மை அதற்கு மாறானது. சுமையைக் கணக்கிடத் தெரியாதவன் அத்தகட்டைப் படியெடுத்திருக்க இயலாது. அமெரிக்கப் பொறியாளர் ஒருமுறை எண்ணிய அனைத்தையும் சோவியத்துப் பொறியாளர் மறுமுறை எண்ணியாக வேண்டியிருந்தது.

மற்றுமொரு நுட்பமும் உண்டு. ஓர் உறுப்பை அளந்தால் அதன் அளவு கிடைக்கும், எல்லை கிடைக்காது. ஓர் அச்சின் விட்டம் 10.03 மில்லிமீட்டர் என அளவுகோல் காட்டும். அதனை வரைந்தவன் எண்ணியது 10 தானா? எத்துணைக் கூடலாம், எத்துணைக் குறையலாம் என்று அவன் இசைவளித்தான்? இதனை அவ்வச்சு சொல்லாது. பிரித்தவனே ஆய்ந்து எய்த வேண்டும். மாழைக் (உலோகக்) கலவையும் அத்தகையதே. அதில் யாவை எவ்வளவு கலந்தன என்பதை வேதியியலார் கண்டு சொல்வர்; எவ்வெப்பத்தில் காய்ச்சி எவ்வளவு பொழுது ஆற்றினர் என்பதைப் பல முறை செய்தே அறிதல் வேண்டும். பொருளைக் கைப்பற்றலாம், செய்முறையைக் கைப்பற்ற இயலாது, உழைத்தே பெறல் வேண்டும்.

பிறிதொன்றும் உண்டு. உந்துபொறியை மட்டும் அவர்கள் படியெடுக்கவில்லை. சுவெத்சோவு என்னும் பொறியாளரின் பொறியையே பொருத்தினர். 1930களில் அமெரிக்க இரைட்டு நிறுவனத்தின் பொறி ஒன்றை முறையாக உரிமம் பெற்றுச் செய்து பழகி, அதிலிருந்து படிப்படியாக வளர்த்தெடுத்த பொறி அது. முன்பே கற்றதை மீண்டும் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று.

துப்போலெவு-4 என்று பெயரிடப்பட்ட அவ்வூர்தி 1947 மே 19 அன்று முதன்முதல் பறந்தது. அவ்வாண்டு ஆகத்து 3 அன்று மாசுகோவை அடுத்த துசினோவில் வானூர்தி விழா நடைபெற்றது. மூன்று பேரூர்திகள் வானில் தோன்றின. அயல்நாட்டுப் படையலுவலர் அவற்றை அந்த மூன்று பி-29கள் என்றே எண்ணினர். அவற்றோடு நான்காவதாக ஒன்று, பயணியர் ஊர்தியாக அமைக்கப்பட்டது, பறந்து வந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. 1952 வரை 800க்கும் மேற்பட்ட ஊர்திகள் செய்யப்பட்டன. சோவியத்து நாடு வானிலிருந்து முதன்முதல் அணுக்குண்டை வீசி ஆய்ந்தது 1951 அக்டோபர் 18 அன்று. வீசியது ஒரு துப்போலெவு-4.

படி எடுத்ததன் எல்லை

இவ்வளவும் வெற்றியே. ஆயின் இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அச்சம் ஆட்சி செய்த இடத்தில் அறிவு குனிந்து நடந்தது. அமெரிக்க ஊர்தியில் தவறுதலாக இடப்பட்ட சிறு துளையையும் மாற்றத் துணியாது அப்படியே இட்டனர் என்றொரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அத்தகைய கதை பிறத்தற்கு அங்கு இடமிருந்தது என்பது மெய். கணக்கேட்டைப் படியெடுக்கையில் செத்த ஈயையும் ஒட்டிவைத்த கணக்கனின் நிலை அது.

காலமும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பி-29ஐப் படியெடுத்து முடிப்பதற்குள் தாரை வானூர்திகளின் காலம் பிறந்துவிட்டது. கொரியப் போரில், 1951 அக்டோபர் 23 அன்று, நாம்சி வானூர்தித் தளத்தைத் தாக்கச் சென்ற பி-29கள் மிக்-15 தாரை ஊர்திகளிடம் பேரிழப்புக்கு ஆளாயின. அதன்பின் அவற்றைப் பகலில் அனுப்புவதையே அமெரிக்கர் கைவிட்டனர். மூலவூர்தியே காலம் கடந்ததாயின், படியூர்தியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் அந்த மிக்-15இன் பொறி எங்கிருந்து வந்தது? பிரித்தானிய அரசு 1946-47இல் சோவியத்து நாட்டிற்கு விற்ற உரோல்சு இராய்சின் 'நீன்' பொறியைப் பிரித்தறிந்து செய்யப்பட்டு, பின் மேலும் வலுவாக்கப்பட்டது அது. ஊர்தியின் உடலோ மிகொயானும் குரேவிச்சும் தாமே வகுத்தது. பெற்ற பொறியைத் தாமே வகுத்த உடலில் வைத்தபோது, தந்தவனையே அஃது அஞ்ச வைத்தது. துப்போலெவும் அவ்வாறே. படியெடுத்துப் பழகிய அதே குழுவினர் 1952இல் துப்போலெவு-16, துப்போலெவு-95 என்னும் தம் சொந்தப் படைப்புகளைப் பறக்கவிட்டனர். துப்போலெவு-4 காட்சியகம் சேர்ந்தது. துப்போலெவு-95இன் வழிவந்தவை இருபத்தோராம் நூற்றாண்டிலும் பறந்தன. அந்த மூன்று பி-29கள் தந்த மெய்யான செல்வம் ஊர்தியன்று. 900 தொழிலகங்களில் உருவான ஆட்களே.

முடிவாக

களவா, ஈயடிச்சான் படியா, கண் பார்த்துக் கை செய்த திறமா என்னும் தொடக்க வினாவிற்கு இப்போது விடை காணலாம். பொருளைப் பார்த்துப் பொருளை மட்டும் செய்தவன் ஈயடித்தவன்; அவன் என்றும் ஒருபடி பின்னேதான் நிற்பான். பொருளைப் பார்த்து அதன் கரணியத்தைக் கண்டவன் கற்றவன். அவன் ஒருநாள் முந்துவான். பிறன் உழைப்பை எடுத்தவன் என்னும் பழி இருவர்க்கும் ஓரளவு உண்டு. அதனைத் தன் உழைப்பால் தீர்ப்பவன் பின்னவனே. உரோமரின் பாலமும், சப்பானியரின் திருகும், காங்கிரீவின் ஏடுகளும், துப்போலெவின் தகட்டுக் கணக்கும் ஒன்றையே சொல்லுகின்றன.

படைக்கலம் ஆக்குவது மாந்தனின் உயர்ந்த தொழிலன்று. ஆயினும் படைக்கலத்தைப் பிரித்தறிந்த கையே உழுபொறியையும் மருத்துவப் பொறியையும் பிரித்தறியும் கை. எனவே இளைஞர்களே, வீட்டில் பழுதுபட்டுக் கிடக்கும் நீரேற்றியைத் தூக்கி எறியுமுன் திறந்து பாருங்கள். திறந்ததை அளந்து பாருங்கள். அளந்ததை எழுதி வையுங்கள். அடுத்தவன் படித்துச் செய்யுமாறு, அவன் மொழியில் எழுதி வையுங்கள். 'இஃது ஏன் இவ்வாறு?' என்னும் வினாவை ஒவ்வோர் உறுப்பிடமும் கேளுங்கள். விடை தெரியாத உறுப்பு எதுவோ, அதுவே அப்பொறியின் உயிர்த்திருகு என்று அறியுங்கள்.

வாங்கியவனுக்குப் பொருள் மட்டுமே உரிமை. பிரித்தறிந்தவனுக்கு அறிவும் உரிமை. அவ்வுரிமையை எந்த அரசும் மறுக்க இயலாது. எந்தக் கோட்டையின் வீழ்ச்சியும் பறிக்க இயலாது.